சொல்வன்மைக் கல்வியும் அருள்பணியும்

இறையியல் கல்லூரியில் நாம் எபிரேயமும் கிரேக்கமும் பயில்கிறோம். திருச்சபை வரலாற்றையும் கோட்பாடுகளையும் ஆராய்கிறோம். ஆயினும், ஒரு கருத்தைத் தெளிவுற எழுதவும், கேட்போர் உள்ளத்தில் பதியுமாறு எடுத்துரைக்கவும் முறையாகக் கற்கிறோமா? அருளுரைக் கலை என்னும் ஒரு பாடத்தோடு அப்பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

பட்டம் பெற்றபின் செங்கற்பட்டுப் பகுதியில் ஒரு கிராமச் சபையில் நாம் நாற்பது நிமிடம் உரையாற்றினோம். ஆராதனை முடிந்ததும் ஒரு மூதாட்டி அருகில் வந்து, "ஐயரே, நல்லாப் பேசினீங்க. எங்களுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் குறை கூறவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து எழுகிறது.

1. பவுலின் எச்சரிப்பு

"சொல்வன்மை உலக ஞானம், ஆவியானவரைச் சார்ந்திருப்போர்க்கு அது எதற்கு?" எனச் சிலர் வினவுவர். 1 கொரி. 2:1-5 பகுதியைச் சான்று காட்டுவர். அங்குப் பவுல் விலக்குவது, கேட்போரின் விசுவாசம் பேசுபவரின் திறமையில் ஊன்றிவிடும் நிலையை. ஒழுங்கான வாதத்தை அவர் விலக்கவில்லை. அதே திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுதலைக் குறித்து அவர் படிப்படியாக வாதிடும் முறையைக் கூர்ந்து நோக்குவோர் இதை உணர்வர்.

மிலான் நகரில் 384 முதல் சொல்லாட்சிக் கலை கற்பித்த அகுஸ்தீனார், 386இல் மனந்திரும்பியபின் அப்பணியைத் துறந்தார், கலையைத் துறக்கவில்லை. கிறிஸ்தவப் போதனையைக் குறித்த தம் நூலின் நான்காம் பகுதியை ஏறத்தாழ 426இல் எழுதி முடித்தபோது, கற்பித்தல், மகிழ்வித்தல், அசைவித்தல் என்னும் சிசரோவின் மூன்று கடமைகளைப் போதகர்க்கு உரியனவாக்கினார். பொய் பேசுவோர் சொல்வன்மையோடு பேச, மெய் பேசுவோர் ஏன் சோர்வு தரப் பேசவேண்டும் என்பது அவர் வாதம்.

2. மாமல்லைக் கரையில் தண்டி

இக்கலையைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரம், பல்லவர் காலத்தில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்தால் புகழ்பெற்றிருந்தது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் அங்குக் கற்க வந்தான் எனத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. அந்நகரில் ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த தண்டி இயற்றியதே 'காவியாதர்சம்' என்னும் வடமொழி அணியிலக்கண நூல். அதைத் தழுவிப் பின்னர் எழுந்த தமிழ்நூல் தண்டியலங்காரம்.

இயல்பான ஆற்றல், தூய கல்வி, இடைவிடாப் பயிற்சி ஆகிய மூன்றும் நல்ல நூல் பிறக்கக் காரணம் என்பது தண்டியின் கொள்கை. முதலாவது குறைந்தவரும் மற்ற இரண்டால் பயன்பெறலாம் என்றும் அவர் கருதினார். "எனக்குப் பேச்சு வராது" என்று ஒதுங்கும் மாணவர்க்கு இது ஆறுதல். "எனக்குப் பேச்சு இயல்பாக வரும்" என்று படியாதிருப்போர்க்கு எச்சரிக்கை.

அவருடைய 'அவந்திசுந்தரி' நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் பள்ளிகொண்ட திருமால் சிலையின் கை முறிந்திருந்தது. லலிதாலயர் என்னும் சிற்பி அதைப் பொருத்தியபின், வந்து பார்க்குமாறு தண்டியை அழைத்தார். தண்டி சென்று நோக்கினார். பொருத்திய இடம் புலப்படவில்லை. அச்சிற்பி தமிழில் நூல் இயற்றியவர் என்பதையும் அந்நூல் குறிக்கிறது.

எழுத்துக் கல்விக்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது. முதற்படியில் முறிவுகள் இருந்தே தீரும். அவற்றைச் செப்பனிட்டபின், பொருத்து உள்ளதா என்று வேறொருவர் கண்ணால் பார்க்கச் செய்வதே திருத்தத்தின் முடிவு.

3. 1891ஆம் ஆண்டு அறிக்கை

எழுத்தினால் விளையக்கூடியது என்ன? செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்து மிஷனெரி ஆடம் ஆண்ட்ரு போன்றோரும் இம்மக்களுக்காக அரசிடம் முறையிட்டு வந்தனர். குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் வசமிருந்ததால், எதிர்த்துப் பேசினால் வீடிழக்க நேரும் என்பதையும், கடனால் பண்ணைக்குக் கட்டுண்டிருந்ததையும், தரிசு நிலம் கேட்டாலும் மிராசு உரிமை குறுக்கே நின்றதையும் அறிக்கை காட்டியது. உணர்ச்சி மிகுந்த சொல்லைவிடக் கண்கூடான விவரமே அங்கு வாதிட்டது. 1892இல் பிறந்த அரசாணையின் வழியே, பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப்பட்ட நிலங்கள் ஒதுக்கப்பட்டன.

எழுத்து மட்டும் போதாது என்பதையும் இதே மண் காட்டிற்று. அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறியது. காரணை நிலமீட்புப் போராட்டத்தின்போது, 10-10-1994 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இத்தகைய சபைகளில் பணியாற்றும் ஆயரிடம் மக்கள் மனு எழுதித் தரும்படி வருவர். மங்கலாக எழுதப்பட்ட மனு, கோப்பில் உறங்கும் மனு.

4. மாணவர்க்குரிய வாய்ப்புகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எழுத்தும் சொல்லாட்சியும் தனித்துறையாக உள்ளன. எத்துறை மாணவரும் முதலாண்டில் கட்டுரைப் பயிற்சி பெறுவது அங்கு வழக்கம். தம் படியைக் கொண்டுசென்று சக மாணவரிடம் படித்துக் காட்ட எழுத்து மையங்களும் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் அத்தகைய தனித்துறை அரிது. எனினும் தமிழ் இலக்கியப் படிப்பில் தண்டியலங்காரம் பாடமாக வைக்கப்படுவதுண்டு. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தமிழ்த்துறை, பரிதிமாற்கலைஞரும் மறைமலையடிகளும் கற்பித்த மரபுடையது. இறையியலுக்கு முன்னோ பின்னோ தமிழிலக்கியம் பயில வாய்ப்புடையோர் அதை வீண்காலம் என எண்ணலாகாது.

வாய்ப்பற்றோர்க்கும் வழியுண்டு. விடுதியில் வாரம் ஒருமுறை மூத்த மாணவர் இளையவரின் படியைக் கேட்கலாம். மாணவர் இதழுக்கு இருநூறு சொல்லில் ஒரு செய்தி எழுதலாம். களப்பணியில் ஒரு குடும்பத்தின் மனுவை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டலாம்.

ஆயர்களாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு உரையைச் சனிக்கிழமை மாலையே எழுதி முடித்து, வீட்டாரிலோ சபையாரிலோ ஒருவருக்குப் படித்துக் காட்டுவோம். "எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டாம், "என்ன விளங்கிற்று?" என்று கேட்போம். அம்மூதாட்டி நம்மிடம் கேட்டதும் அதுவே.