ஒரே மூலிகை, வெவ்வேறு சாறு

பண்டமாரானில் நம் வீட்டு அடுக்களைகளில் வெந்தயம் இல்லாமல் இருக்காது. இன்று ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள், மாணவர்களே. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி முழு வெந்தயத்தைப் போடுங்கள். இன்னொரு குவளையில் அதே அளவு வெந்தயத்தைப் பொடித்துப் போடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கலக்கினால், பொடி போட்ட நீரே அதிகக் கொழகொழப்பாக இருக்கும். பொருளும் அளவும் ஒன்றுதான். சாறு எடுத்த முறைதான் வேறு.

அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் கேலக்டோமன்னன் என்னும் பாலிசாக்கரைடு. ஏராளமான சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்திருப்பதே பாலிசாக்கரைடு. சங்கிலி நீளமாக இருந்தால் கரைசல் கெட்டியாகும். துண்டு துண்டாக அறுந்தால் நீர்த்துப் போகும்.

மூலிகையிலிருந்து இதைப் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் வெந்நீரே பயன்படுகிறது. வெப்பம் செல்சுவரைத் தளர்த்தும். பிறகு சாற்றை வடிகட்டி எத்தனால் சேர்த்தால், அதில் கரையாத பாலிசாக்கரைடு திரண்டு அடியில் படியும். மீயொலி அலைகளைச் செலுத்தினால் வேலை விரைவாக முடியும். ஆனால், அளவு மீறினால் அவை சங்கிலியையே அறுத்துவிடும்.

கற்றாழையைப் பாருங்கள். அதன் சோற்றில் உள்ள அசிமன்னன் சங்கிலியில் அசிட்டைல் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. அது நீரில் கரைவதற்கு அவையே துணை. காரப்பொருள் பட்டால் அவை கழன்றுவிடும். 60 டிகிரி செல்சியசுக்கு மேல் உலர்த்தினாலும் அசிமன்னனின் அமைப்பு மாறுகிறது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் பயன்படுத்தி வந்தது புலிப்பால் காளான். காளான் தாவரம் அல்ல. ஆனால் அதன் கிழங்கு போன்ற பகுதியிலும் பாலிசாக்கரைடுகள் நிறைந்துள்ளன. கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் குளிர்ந்த நீரிலும் வெந்நீரிலும் தனித்தனியே சாறெடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, குளிர்நீர்ச் சாறு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய் அணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தது. வெந்நீர்ச் சாறு தடுக்கவில்லை. வேலை செய்தது வெப்பம் தாங்காத ஒரு புரதம் அல்லது புரதமும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த கூட்டுப்பொருள் என்று அவர்கள் கருதினார்கள். இது குடுவையில் நடந்த சோதனை மட்டுமே. நோயாளிக்கு மருந்து ஆகிவிடவில்லை.

ஆகவே கடையில் மூலிகைப் பொடியைப் பார்த்தால், பெயரை மட்டும் படித்து நம்பிவிடாதீர்கள். அது எப்படி எடுக்கப்பட்டது, எவ்வளவு சூடு பட்டது என்றும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், அந்தப் பெயருக்கு உரிய பயன் புட்டிக்குள் இருக்கிறதா என்பதும் தெரியாது.