கழன்ற மரையும் கம்பிச் சுருளும்

'அவனுக்கு மரை கழன்றுவிட்டது' என்று சொல்லிச் சிரிக்கிறோம். உண்மையிலேயே மரை கழன்றால் என்ன நேரும் என்பதைக் கோடை விடுமுறையில் அக்காள் தங்கையாகிய நாங்கள் இருவரும் கண்ணாரக் கண்டோம்.

அப்பா தம் மோட்டார் சைக்கிளின் கிளட்சு மூடியைத் திறந்து பழுது பார்த்துவிட்டு, போல்ட்டுகளை முடுக்கும் வேலையை எங்களிடம் விட்டார். "போதும், விடுங்கம்மா" என்று அவர் சொன்ன பிறகும், எண்ணெய் கசியக் கூடாதே என்ற அக்கறையில் கடைசிப் போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்கினோம். இறுகி வந்த ஸ்பேனர் திடீரென இலகுவாகச் சுற்றியது. போல்ட்டை வெளியே எடுத்தால், அதில் வெள்ளி நூல் போல ஏதோ சுருண்டு ஒட்டியிருந்தது. அது போல்ட்டின் மரையன்று, இஞ்சினின் மரை! அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. போல்ட்டைத் துளையில் செருகி வைத்துவிட்டு உறங்கப் போனோம். விடிந்ததும் வண்டிக்கடியில் எண்ணெய்த் துளிகள் எங்களைக் காட்டிக் கொடுத்தன. "மரை கழன்றது வண்டிக்கா, உங்களுக்கா?" என்றார் அம்மா. அப்பா ஏசவில்லை; பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அது ஏச்சைவிட உறைத்தது. போதாக்குறைக்கு, இஞ்சின் உடலையே மாற்ற வேண்டும் என்றார் ஒரு மெக்கானிக்.

இது ஏன் நேர்ந்தது? போல்ட்டு எஃகினால் ஆனது. இஞ்சின் உடலோ அலுமினியக் கலவை. அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. சூட்டையும் விரைவில் கடத்தும். ஆனால் எஃகைவிட மிருதுவானது. அளவு மீறி முடுக்கினால் அதன் மரைதான் கிழியும். எங்கள் போல்ட்டு 6 மி.மீ. தடிமன். இதற்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முடுக்கு போதும். அதாவது, ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஏறக்குறைய 10 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் அளவு. நாங்களோ நீண்ட பிடியில் நான்கு கைகளையும் வைத்திருந்தோம்!

முதலில் துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பார்த்தார் அப்பா. அடியில் நல்ல மரை மிச்சமிருந்தால், சற்று நீளமான போல்ட்டே போதும். செலவு மிகக் குறைவு. அலுமினியத்தில் போல்ட்டின் தடிமனைப் போல் ஒன்றரை மடங்காவது, அதாவது 9 மி.மீ. நீளம், மரை பிடிக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு சுற்றுதான் மிஞ்சியிருந்தது. மரையில் நூல் சுற்றி முடுக்கலாமா என்று கேட்டோம். அது குழாய் வேலைக்கு ஆகும், இஞ்சினுக்கு ஆகாது என்றார்.

ஆகவே 'ஹெலிகாயில்' எனப்படும் கம்பிச் சுருளை வாங்கி வந்தார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த சிறிய ஸ்பிரிங் அது. அதன் உட்புறம் 6 மி.மீ. போல்ட்டுக்குரிய மரையாக அமைந்திருக்கும்.

மூடியைக் கழற்றி, துருவல் உள்ளே விழாதபடி இஞ்சின் வாயைத் துணியால் அடைத்தோம். துளையை 6.3 மி.மீ. டிரில்லால் பெரிதாக்கினார் அப்பா. ஆழம் மிகாதிருக்க டிரில்லில் ஒட்டுத்தாள் அடையாளம். சாய்ந்து போனால் எல்லாம் வீண்; ஆதலால் ஒருத்தி மேலிருந்தும் ஒருத்தி பக்கத்திலிருந்தும் நேர் பார்த்துச் சொன்னோம். பிறகு அந்தச் சுருளுக்கென்றே உள்ள டேப்பில் மண்ணெண்ணெய் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மரை அடித்தார். பொறுமைக்குச் சோதனை இதுதான்! துருவலைத் துடைத்தெடுத்து, சுருளை மேற்பரப்புக்கு அரைச் சுற்றுக் கீழே இறங்கும் வரை திருகினோம். சுருளைத் திருகுவதற்கென அதன் அடியில் ஒரு சிறு வால் இருக்கும். அதைத் தட்டி உடைத்து, இடுக்கியால் எடுத்துவிட வேண்டும்.

சுருள் துளையைவிடச் சற்றுப் பெரியதாகையால் தானே விரிந்து பற்றிக்கொள்கிறது. இனி எஃகு எஃகோடுதான் உராயும். அலுமினியத்திலோ முன்னைவிடப் பெரிய மரை பாரத்தைத் தாங்கும். எனவே பழைய மரையைவிட இது உறுதி. ஆனால் ஸ்பார்க் பிளக் துளை, பிரேக் பாகங்கள் போன்றவற்றில் மரை போனால் வீட்டில் கை வைக்காமல் லேத் பட்டறைக்குக் கொண்டு செல்வதே நல்லது.

புதுக் கேஸ்கட் வைத்து மூடியை மாட்டினோம். கடைசிப் போல்ட்டை அப்பா எங்களிடமே நீட்டினார். அதன்பின் கசிவே இல்லை. உடைந்த அந்த வால் துண்டு எங்கள் ஜியோமிதிப் பெட்டியில் இருக்கிறது.