போனில் பைத்தான்: எந்தச் செயலி?

மடிக்கணினி வாங்க வசதியில்லாத மாணவரும் இன்று பைத்தான் படிக்கலாம். கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட அந்த மொழி, இன்றைய போன்களில் தாராளமாக ஓடும். எந்தச் செயலியை நிறுவுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நாம் எழுதும் நிரல் எங்கே ஓடப்போகிறது என்பது.

கூகுள் கோலாபை பிரவுசரில் திறந்தால், நிரல் ஓடுவது கூகுளின் சர்வரில். பழைய போனிலிருந்தும் கனமான கணக்குகளைச் செய்யலாம். ஆனால் இணையம் இல்லாத இடத்தில் அது பயன்படாது. பைட்ராய்டு 3 வேறு வகை. பைத்தானை இயக்கும் இன்டர்பிரட்டர் செயலிக்குள்ளேயே இருப்பதால், சிக்னல் கிடைக்காத பேருந்துப் பயணத்திலும் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

சிக்கல் நூலகங்களில், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளில் வருகிறது. முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்ட நூலகத்தை நிறுவும் கட்டளையான பிப் எளிதாக இறக்கிவிடும். எண்கணக்குகளுக்கான நம்பை அப்படியல்ல. அதன் மையப்பகுதி சி மொழி; அந்தந்தச் சிப்புக்கும் இயங்குதளத்துக்கும் ஏற்ப அதைக் கம்பைல் செய்தாக வேண்டும். போனுக்கென்றே கம்பைல் செய்த நூலகங்களை பைட்ராய்டு தனியாகத் தருகிறது. ஐபோனிலும் ஐபேடிலும் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: ஆப்பிள் முறைப்படி கையொப்பமிடப்படாத இயந்திர நிரல் அங்கே ஓடாது. ஆகவே நம்பை, பாண்டாஸ் போன்றவை செயலியோடு சேர்ந்தே வந்தால்தான் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் கார்னெட்ஸ் செயலி இவற்றோடு வருகிறது. நிரலையும் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜுபிட்டர் நோட்டுப்புத்தகத்தை இணையமின்றி இயக்குகிறது. பைத்தானிஸ்டா கட்டணச் செயலி, எழுதுவதற்கு மிக இதமானது. பணம் கட்டுமுன் உங்களுக்கு வேண்டிய நூலகம் அதில் உண்டா என்று பாருங்கள். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13, ஆண்ட்ராய்டையும் ஐஓஎஸ்ஸையும் தன் அதிகாரபூர்வத் தளங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்த நூலகத் தொல்லை மெல்லக் குறையும் என்று நம்புகிறேன்.

அடுத்தது விரல்களின் பாடு. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. நான்கு இடம் தள்ளி எழுதுவது மரபு. டேப், கோலன், அடைப்புக்குறி, அடிக்கோடு ஆகியவற்றைத் தேடி சாதாரண கீபோர்டில் ஓயாமல் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும். இவற்றைத் தனி வரிசையாக மேலே தரும் செயலியில்தான் நெடுநேரம் எழுத முடியும். நோட்ஸ் செயலியில் எழுதி ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ‘பிரின்ட்’ கட்டளையின் முதல் எழுத்து அங்கே தானாகவே பெரிய எழுத்தாகிவிடும். நேரான மேற்கோள் குறி வளைந்துவிடும். பைத்தான் இரண்டையும் ஏற்காது. புதிதாகப் படிப்பவரோ தன் யோசனையில்தான் பிழை என்று எண்ணி மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

செயலியை நிறுவிய கையோடு, அது கோப்புகளை எங்கே சேமிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். செயலியின் சொந்தக் கோப்புறையில் இருப்பவை, செயலியை நீக்கும்போது சேர்ந்தே அழியும். போனில் இடமில்லை என்று நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால், மாதக்கணக்கில் எழுதியது திரும்பி வராது. கூகுள் டிரைவிலோ கிட்ஹப்பிலோ ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.