விதையும் மண்ணும்: புற்றுநோய் பரவும் விதம்

கோடைக் காலத்தில் எங்கள் இண்டூர்ப் பக்கம் வந்தால் ஒரு காட்சியைக் காணலாம். எருக்கங்காய் வெடித்து, பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் மிதந்து செல்லும். கிணற்றிலும் விழும்; தார்ச்சாலையிலும் விழும். ஆனால் செடி வளர்வதோ தரிசு நிலத்தில்தான்!

புற்றுநோய் பரவுவதும் ஏறக்குறைய இப்படியே. கட்டியிலிருந்து பிரியும் புற்றணுக்கள் இரத்தத்திலோ நிணநீரிலோ கலக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. எஞ்சியவையும் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் வேர் விடுவதில்லை. மார்பகப் புற்று எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றையே பெரிதும் நாடுகிறது. ஏன்?

முதற் காரணம், வழி. பெருங்குடலிலிருந்து வரும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்குள்ள நுண்குழாய்கள் மிகக் குறுகியவை. மடையில் சருகு சிக்குவதுபோலப் புற்றணுக்கள் அவற்றில் சிக்கிக்கொள்கின்றன. புகையிலை மெல்வோருக்கு வரும் வாய்ப்புற்று முதலில் கழுத்தில் நெறி கட்டுவதும், வாயின் நிணநீர் அங்கே வடிவதால்தான்.

வழி மட்டும்தான் காரணமா? இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 1889இல் வெளியிட்டார். கல்லீரலில் 241 பேருக்குப் புற்று பரவியிருந்தது; மண்ணீரலிலோ 17 பேருக்குத்தான். இவ்விரண்டு உறுப்புகளின் தமனிகளும் ஒரே அடிமரத்தின் கிளைகள் அல்லவா? ஆகவே, விதை எங்கும் செல்லலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர்.

அந்த ஏற்புடைமைக்கு வேதியியல் விளக்கம் ஒன்று 2001இல் கிடைத்தது. எலும்பு மஜ்ஜை, நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சு ஆகியவை ‘சிஎக்ஸ்சிஎல் 12’ என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. அதை உணரும் ஏற்பி மார்பகப் புற்றணுவின் மேல் இருக்கிறது. வெல்லத்தின் மணத்தை எறும்பு தொடர்வதுபோல, அணு அவ்விடத்தை நாடிச் செல்கிறது.

இதை அறிவதால் நமக்கு என்ன பயன்? எருக்கு எங்கே முளைத்தாலும் எருக்குத்தான். எலும்புக்குச் சென்ற மார்பகப் புற்றும் மார்பகப் புற்றே. மருந்தும் அதற்கு உரியதே. மண்ணையும் கவனிக்கலாம்: எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்துகளையும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள்.

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மார்களே! ஆண்டுகள் பல கடந்த பின்னும் தீராத முதுகுவலி வந்தால், “களை எடுத்த வலி” என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். வலியெல்லாம் புற்று அன்று. ஆனால் பழைய நோயை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.