மைக்கேலாஞ்சலோ இறந்தார், கலிலியோ பிறந்தார், கைக்குழந்தை ஷேக்ஸ்பியர் தப்பினார்! - 1564-ல் ஐரோப்பாவில் என்ன நடந்தது?

மைக்கேலாஞ்சலோவின் உயிர் பிரிந்த அதே நாளில் கலிலியோ பிறந்தார் என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றி வரும். சோகமான இசையைப் பின்னணியில் போட்டு ரீல்ஸாகவும் வரும். ஒரு மேதை போன வாசல் வழியாக இன்னொரு மேதை வந்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தேதி இடிக்கிறது.

கலிலியோ பிறந்தது 1564 பிப்ரவரி 15, இத்தாலியின் பைசா நகரில். மைக்கேலாஞ்சலோ இறந்தது பிப்ரவரி 18, ரோமில். மூன்று நாள் வித்தியாசம்.

இந்த ஃபார்வர்டின் வயது முந்நூறைத் தாண்டும். ஆரம்பித்து வைத்தவர் வின்சென்சோ விவியானி. கலிலியோ பார்வை இழந்து வீட்டுக்காவலில் இருந்த கடைசிக் காலத்தில் கூடவே இருந்த சீடர். குருவின் பிறப்பையும் மைக்கேலாஞ்சலோவின் மரணத்தையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. குரு மேல் இருந்த பாசம், தேதியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டது.

மூன்று நாள் இடித்தாலும், 1564 நிஜமாகவே விநோதமான ஆண்டுதான். மைக்கேலாஞ்சலோ, கால்வின், வெசாலியஸ் போனார்கள். கலிலியோ, மார்லோ, ஷேக்ஸ்பியர் வந்தார்கள். போனவர்களுக்காக ஊரே அழுதது. வந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை. அதில் ஒரு குழந்தை மூன்று மாதம்கூடத் தாங்காமல் போயிருக்க வேண்டியது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

சரக்கு மூட்டையில் ஒரு மேதை

மைக்கேலாஞ்சலோவுக்கு இறக்கும்போது வயது 88. இன்னும் சில வாரங்கள் இருந்திருந்தால் 89. அந்த வயதிலும், இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புவரை உளியைக் கீழே வைக்கவில்லை. இறந்த இயேசுவை மேரி தாங்கிப் பிடித்திருக்கும் சிலை அது. முடியாமலே நின்றுபோனது. இன்றைக்கும் மிலன் நகரில் அதே அரைகுறை நிலையில் இருக்கிறது. கால்களும், உடலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு கையும் வழவழப்பாக இருக்க, முகங்கள் இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கின்றன. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், உளி பட்ட கோடுகள் தெரியும்.

'என்னை ஃப்ளாரன்ஸில் புதையுங்கள்' என்பது அவருடைய ஆசை. ஆனால், ரோம் விடுமா? போப்பாண்டவர் அவரை ரோமிலேயே அடக்கம் செய்ய விரும்பினார். மைக்கேலாஞ்சலோவின் அண்ணன், தம்பி வழியில் மிஞ்சியிருந்த ஒரே வாரிசு லியோனார்டோ. அவர் என்ன செய்தார் தெரியுமா? வியாபாரச் சரக்குபோல மூட்டை கட்டி, பெரியப்பாவின் உடலை ரகசியமாக ஊரைவிட்டுக் கடத்திவிட்டார். ஃப்ளாரன்ஸில் விஷயம் கசிந்ததும், சாண்டா குரோச்சே தேவாலயத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஜூலை 14-ம் தேதி சான் லோரென்சோ தேவாலயத்தில் ஓர் அரசருக்குச் செய்வதுபோலப் பிரமாண்டமான அஞ்சலி நடந்தது.

இதில் ஒரு கசப்பான சங்கதியும் உண்டு. வாடிகனின் சிஸ்டைன் தேவாலயச் சுவரில் மைக்கேலாஞ்சலோ வரைந்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் நிறைய நிர்வாண உருவங்கள். அவர் இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், ஜனவரியில், அவற்றை மறைக்க வேண்டும் என்று திருச்சபை முடிவெடுத்தது. துணி வரையும் வேலை யாருக்குப் போனது? மைக்கேலாஞ்சலோவின் மரணப் படுக்கையின் அருகே இருந்த நண்பரும் ஓவியருமான டானியேலே டா வோல்டெர்ராவுக்கு. ஊர் அவருக்கு 'கால்சட்டைக்காரர்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டது. முரட்டு ஆள்கள் கையில் கிடைக்காமல், தெரிந்த கை ஒன்றிடம் அந்த வேலை போனதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மைக்கேலாஞ்சலோவின் முகம் எப்படி இருக்கும் என்று இன்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணமான வெண்கலத் தலைச்சிலையைச் செய்தவரும் இதே 'கால்சட்டைக்காரர்'தான்.

அதே 1564-ல் திருச்சபை, தடை செய்யப்பட்ட புத்தகங்களின் புதிய பட்டியல் ஒன்றையும் வெளியிட்டது. பைசாவில், இசைக்கலைஞரான வின்சென்சோ கலிலியின் வீட்டில் அப்போது தலைச்சன் பிள்ளை தொட்டிலில் கிடந்தது. சுமார் எழுபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை எழுதிய புத்தகமும் அந்தப் பட்டியலில் ஏறியது. 1835-ல் வந்த பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது.

விவியானியின் ஆசை வீண் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1737-ல் கலிலியோவின் எலும்புகள் சாண்டா குரோச்சேவுக்கு மாற்றப்பட்டன. மைக்கேலாஞ்சலோவின் கல்லறைக்கு நேர் எதிரே இடம். சீடர் விவியானியும் அதே கல்லறையில்தான் இருக்கிறார். அன்று எலும்புகளை மாற்றும்போது சிலர் கலிலியோவின் விரல்களைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் நடுவிரல் இப்போது ஃப்ளாரன்ஸ் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் நிமிர்ந்து நிற்கிறது!

அது 1564-தானா?

தேதிக் குழப்பம் மூன்று நாளோடு முடிந்தால் பரவாயில்லை. வருடமே குழப்பம்.

அப்போது ஃப்ளாரன்ஸில் புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. அதனால், ஃப்ளாரன்ஸ்காரர்களின் கணக்குப்படி மைக்கேலாஞ்சலோ இறந்தது 1563-ல். பைசாவிலும் புத்தாண்டு மார்ச் 25-தான். ஆனால், அவர்கள் ஒரு வருடம் முன்னதாகவே எண்ணிவிடுவார்கள். அதனால் கலிலியோ பிறந்தது பைசாவில் 1564. சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்கள், ஒரே நாளுக்கு இரண்டு வருடங்களை எழுதிக்கொண்டிருந்தன!

இங்கிலாந்திலும் மார்ச் 25 கதைதான். கேன்டர்பரியில் காலணி தைக்கும் தொழிலாளியின் மகன் கிறிஸ்டோபர் மார்லோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது பிப்ரவரி 26. ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைக்கும் தொழிலாளியின் மகன் வில்லியம் ஷேக்ஸ்பியருக்கு ஏப்ரல் 26. சரியாக இரண்டு மாத இடைவெளி. ஆனால், அன்றைய ஆங்கிலேயக் கணக்கில் மார்லோ 1563, ஷேக்ஸ்பியர் 1564. ஆங்கில நாடக மேடையையே மாற்றிப்போட்ட இருவரும் தோல் தொழில் செய்த வீடுகளில், ஒரே குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் இடையில் வந்து பிறந்திருக்கிறார்கள். மார்லோ 29 வயதில் ஒரு கைகலப்பில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார்.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்ட முயன்றதும் அதே 1564-தான். பிரான்ஸில் சில ஊர்களுக்கு ஈஸ்டர் அன்று புத்தாண்டு, சில ஊர்களுக்குக் கிறிஸ்துமஸ், சில ஊர்களுக்கு மார்ச் 25. அரசர் ஒன்பதாம் சார்லஸுக்கு 14 வயது. அம்மா கேத்தரின் டி மெடிசி, மகனை ஊர் ஊராக அழைத்துச் சென்று மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில், ரூசியோன் என்ற ஊரில் தங்கியிருந்த ஆகஸ்ட் மாதத்தில் வந்த அரசாணை, ஆண்டின் முதல் நாள் ஜனவரி 1 என்று உறுதி செய்தது. அது நாடு முழுக்க நடைமுறைக்கு வர 1567 ஆனது. இங்கிலாந்து இதை ஏற்றுக்கொள்ள 1752 வரை எடுத்துக்கொண்டது.

இந்த ஆணையால்தான் 'ஏப்ரல் ஃபூல்' வந்தது என்று ஒரு கதை உண்டு. பழைய புத்தாண்டைக் கொண்டாடியவர்களைக் கேலி செய்தார்களாம். இதையும் அந்த வாட்ஸ்அப் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஏப்ரல் மீன்' என்ற சொல் 1508-லேயே ஒரு பிரெஞ்சுக் கவிதையில் வந்துவிட்டது.

கேத்தரின் தன் மகனோடு அக்டோபரில் சலோன் ஊருக்குப் போய்ச் சந்தித்த பெரியவர் யார் தெரியுமா? நாஸ்டர்டாமஸ். ஆம், உலகத்தில் எது நடந்தாலும் 'அன்றே சொன்னார்' என்று நாம் இழுத்துவிடுகிற அதே நாஸ்டர்டாமஸ்தான்!

மற்ற ஊர்களில்...

ஜெனீவாவில் மே 27-ம் தேதி மதச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் இறந்தார். கல்லறையில் பெயர்கூட வேண்டாம் என்பது அவர் விருப்பம். மனித உடலை அறுத்துப் பார்த்து, 28 வயதில் மருத்துவ உலகத்தையே திருப்பிப் போட்ட வெசாலியஸ், ஜெருசலேம் யாத்திரை முடிந்து திரும்பும் வழியில், அக்டோபரில், கிரேக்கத் தீவு ஒன்றில் இறந்தார். மாஸ்கோவில் மார்ச் 1 அன்று இவான் ஃபியோதரோவ் ஒரு புத்தகத்தை அச்சிட்டு முடித்தார். தேதியோடு அச்சான முதல் ரஷ்யப் புத்தகம் அதுதான். இத்தாலியின் கிரெமோனாவில் ஆந்த்ரேயா அமாத்தி 1564-ல் செய்த ஒரு வயலின் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வயலின்களில் ஒன்று. அதில் அந்தச் சிறுவன் அரசர் சார்லஸின் முத்திரை வரையப்பட்டிருக்கிறது.

ஹென்லி தெருக் குழந்தை

இப்போது ஸ்ட்ராட்ஃபோர்டு. ஏவன் நதிக்கரையில், இரண்டாயிரம் பேரைத் தாண்டாத சின்ன சந்தை ஊர். ஹென்லி தெருவில் ஜான் - மேரி தம்பதி. முதல் குழந்தை ஜோன், 1558-ல் பிறந்து சிறு வயதிலேயே போய்விட்டாள். இரண்டாவது மார்கரெட், 1562 டிசம்பரில் ஞானஸ்நானம், 1563 ஏப்ரலில் அடக்கம். அது நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, தேவாலயப் பதிவேட்டில் மூன்றாவது குழந்தையின் பெயர் ஏறியது. வில்லியம்.

(ஏப்ரல் 23 ஷேக்ஸ்பியர் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறோம் இல்லையா? பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நான தேதியான 26 மட்டும்தான். அவர் இறந்தது ஏப்ரல் 23 என்பதால், பிறந்ததும் அதுவாக இருக்கட்டும் என்று பின்னால் வந்தவர்கள் வைத்துக்கொண்டார்கள்.)

முந்தைய ஆண்டு, 1563-ல், லண்டனைப் பிளேக் சூறையாடியிருந்தது. சுமார் 20,000 பேர் பலி. எலிசபெத் ராணி விண்ட்சர் கோட்டைக்குப் போய்விட்டார். லண்டனிலிருந்து யாராவது அங்கே வந்தால் தூக்கில் போட, கோட்டை அருகே தூக்குமரம் நட்டு வைத்தார்கள். அந்த நோய் மெல்ல ஊர் ஊராக நகர்ந்து, அடுத்த கோடையில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் வந்து சேர்ந்தது.

1564 ஜூலை 11. ஆலிவர் கன் என்ற பையனை அடக்கம் செய்தார்கள். நெசவாளர் ஒருவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவன். அவன் பெயருக்குப் பக்கத்தில், கொள்ளைநோய் இங்கே தொடங்கியது என்ற பொருளில் லத்தீன் மொழியில் மூன்று வார்த்தைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குப் பிறகு அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் அடக்கங்களால் நிறைகின்றன. ஆண்டு முடிவதற்குள் 200-க்கும் அதிகமான பேர். நம்மில் கொரோனா காலத்தில் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பக்கங்களைப் படிப்பது சுலபமாக இருக்காது.

வில்லியமுக்கு அன்று பதினொரு வாரம். அதே ஹென்லி தெருவில் ஒரே வீட்டில் நான்கு குழந்தைகளைப் புதைத்தார்கள்.

கெட்ட காற்றால்தான் நோய் பரவுகிறது என்று அப்போது நம்பினார்கள். பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்ததே 1894-ல்தான். எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மூலம் அது பரவுகிறது என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. ஆகஸ்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரசபைக் கூட்டத்தை அறைக்குள் நடத்தாமல், தோட்டத்தில் திறந்தவெளியில் நடத்தினார்கள். அப்போதே சமூக இடைவெளி! நோயால் நொடிந்தவர்களுக்கு நிதி திரட்டினார்கள். கையுறைக்காரர் ஜான் ஷேக்ஸ்பியர் 12 பென்ஸ் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை, வெளியே பிளேக். அந்த மனிதர் என்ன மனநிலையில் அந்தக் காசை எண்ணி வைத்திருப்பார்!

குழந்தை எப்படித் தப்பியது? மேரி தன் பிறந்த ஊரான வில்ம்கோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர்தான் தூரம். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்த தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

குளிர் வந்ததும் நோய் அடங்கியது. 1566 அக்டோபரில் அந்த வீட்டில் இன்னொரு ஞானஸ்நானம். தம்பி பெயர் கில்பர்ட். அண்ணன் வில்லியமுக்கு அப்போது இரண்டரை வயது.