பெண்ணுரிமையும் நம் கல்லாப் பெட்டியும்

பெண்ணுரிமை என்ற தலைப்பைப் பார்த்ததும், "இது மேடைப் பேச்சாளர்களுக்கு உரிய சங்கதி, நம் அரிசி, பருப்பு வியாபாரத்திற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று வணிக நண்பர்கள் சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்க்கலாம். சற்றுப் பொறுங்கள். நம் கடையில் சரக்கு வாங்குவோரிலும் பெண்கள் இருக்கிறார்கள். பொட்டலம் கட்டுவோரிலும், கல்லாவில் அமர்வோரிலும் இருக்கிறார்கள். பெண்ணுரிமை என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும். ஏட்டில் எழுதியிருக்கும் விளக்கம் எதுவானாலும், ஒவ்வொரு பெண்ணும் தன் வாழ்க்கையில் எது குறைகிறதோ அதை வைத்துத்தான் அந்தச் சொல்லை எடை போடுகிறாள். வணிக உலகத்திலிருந்தே சிலரை எடுத்துப் பார்ப்போம்.

சந்தையில் ஓர் இடம்

மணிப்பூர் மாநிலத் தலைநகர் இம்பாலில் 'இமா கெய்தேல்' என்ற பழமையான சந்தை உண்டு. 'தாய்மார் சந்தை' என்பது அதன் பொருள். அங்கே கடை போட்டிருப்பவர்கள் அனைவரும் பெண்களே. தாய்க்குப் பின் அந்த இடம் மகளுக்கோ மருமகளுக்கோ போவது வழக்கம். 1939-ஆம் ஆண்டு, வெளியூர் வியாபாரிகள் அரிசியை வாங்கி வெளியே அனுப்பியதால் உள்ளூரில் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. அப்போது டிசம்பர் 12-ஆம் நாள் அந்தப் பெண்கள் திரண்டு வந்து, அரிசி ஏற்றுமதியை நிறுத்து என்று அதிகாரிகளை முற்றுகையிட்டார்கள். பலர் காயமடைந்தனர். அதன் பிறகும் சந்தையைப் புறக்கணித்துத் தங்கள் வியாபாரத்தையே இழக்கத் துணிந்தார்கள். அந்தப் பெண்களுக்கு உரிமை என்பது, சந்தையில் தனக்கென்று ஓர் இடமும், அந்த இடத்திலிருந்து ஊருக்காகப் பேசும் குரலும்தான்.

கையில் கூலி

நம் கடைகளில் தொங்கும் 'லிஜ்ஜத்' அப்பளத்தை அறியாதவர் உண்டா? 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காவ்ம் பகுதியில், 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அமர்ந்து அப்பளம் இட்டார்கள். முதல் நாள் உற்பத்தி 4 பாக்கெட். அதை வாங்கி விற்றுக் கொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு வியாபாரிதான். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள்; ஒவ்வொருவரும் பங்குதாரர். பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டு வேலைக்கு நடுவே அப்பளமாக இட்டு, மறுநாள் கொண்டு வந்து கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். அவர்களில் அதிகம் படித்தவர்கள் இல்லை, ஊர்வலம் போனவர்களும் இல்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு யாரிடமும் கை நீட்டாமல் இருப்பதே அவர்கள் கண்ட பெண்ணுரிமை.

நியாயமான முதல்

அகமதாபாத்தில் தலைச்சுமையாகவும் தெருவோரத்திலும் காய்கறி விற்ற பெண்கள் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுத்து வந்தார்கள். தண்டல் வட்டியின் கொடுமை நமக்கும் தெரியாததன்று. கையெழுத்துப் போடத் தெரியாத அவர்களை வங்கிகள் வாசலிலேயே நிறுத்தின. இலா பட் அம்மையார் 1972-இல் தொடங்கிய 'சேவா' சங்கத்தைச் சேர்ந்த 4,000 பெண்கள், 1974-இல் ஆளுக்குப் 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியை ஏற்படுத்தினார்கள். கையெழுத்துக்குப் பதிலாக, கணக்கு எண் எழுதிய சிலேட்டைப் பிடித்தபடி எடுத்த புகைப்படமே அவர்களுக்கு அடையாளம். இவர்களைப் பொறுத்தவரை உரிமை என்பது, நியாயமான வட்டிக்குக் கிடைக்கும் முதல். தன் பெயரில் ஒரு பாஸ் புத்தகம்.

உட்கார ஒரு நாற்காலி

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்களின் பதில் இன்னும் எளிமையானது. கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கழிவறை வசதியும் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே நாள் முழுதும் நின்றார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களை ஒன்று சேர்த்துப் போராடினார். அதன் பயனாக 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் நம் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. பெண்கள் கேட்டுப் பெற்றது ஆண் ஊழியர்களுக்கும் சேர்த்தே கிடைத்திருக்கிறது. ஒரு நாற்காலி போடுவதால் நம் லாபம் குறைந்துவிடப் போவதில்லை.

நம் வீட்டுப் பெண்கள்

இனி ஊரைச் சுற்றியது போதும். நம் கடைக்குள் வருவோம்.

காலையில் கடை திறக்கும் போது கோலம் போடுவது முதல், நாம் கொள்முதலுக்குப் போகும் நேரங்களில் கல்லாவில் அமர்ந்து கடன் பாக்கி குறிப்பது வரை வீட்டு அம்மாவின் உழைப்பு இருக்கிறது. வேலையாளுக்குச் சம்பளச் செலவு எழுதுகிறோம். எலி கடித்த மூட்டைக்குக் கூட நஷ்டம் எழுதுகிறோம். அந்த அம்மாவின் உழைப்பு எந்தப் பேரேட்டில் ஏறுகிறது? "வீட்டு ஆள்தானே" என்ற ஒரே வார்த்தையில் அது மறைந்து போகிறது.

இதில் மனத்தாங்கல் மட்டுமா இருக்கிறது? குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. கடைக்காரர் திடீரென்று காலமானால் என்ன ஆகும்? அவர் தனி உரிமையாளர் என்றால், அவர் பெயரில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவில் மனைவி வியாபாரத்தைத் தொடர முடியாது; தன் பெயரில் புதிதாகப் பதிவு பெற வேண்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாவிட்டால், கொடுக்க வேண்டியவர் வருவதில்லை. வாங்க வேண்டியவர் மட்டும் வாசலில் வந்து நிற்பார். இருபது ஆண்டு கல்லாவில் அமர்ந்தவர், ஒரே வாரத்தில் கடையை வந்த விலைக்குத் தள்ளிவிடும் நிலைக்கு ஆளாகிறார். அவருக்குப் பெண்ணுரிமை என்பது கணக்கு தெரிந்திருப்பது.

மகளின் பதில் வேறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் திருமணம் ஆகாத பெண்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் சம உரிமை உண்டு. மத்திய அரசு 2005-இல் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதி செய்தது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்திலும், அவர் உயில் எழுதாமல் மறைந்தால், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கே. ஆனால் நடப்பது என்ன? "சீர் செய்தாகிவிட்டது" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். சீர் என்பது பெற்றோரின் அன்பு. பங்கு என்பது சட்டம் தந்தது. ஒன்றை மற்றொன்றில் கழிப்பது முறையான கணக்கு ஆகாது.

"கடையை உடைக்க முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடையை உடைக்காமலே கூட்டாளியாகச் சேர்க்கலாம். மதிப்புப் போட்டுப் பணமாகவும் கொடுக்கலாம். வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

அடுத்த புதுக்கணக்கு போடும் நாளில் மூன்று காரியங்களைச் செய்து பார்ப்போம். கொடுக்கல் வாங்கல் பட்டியலையும், வங்கி, காப்பீட்டு விவரங்களையும் மனைவியோடு அமர்ந்து எழுதி வைப்போம். கூட்டு வியாபாரமாக இருந்தால், உழைக்கும் பெண்ணின் பெயரையும் பங்குதாரர் பத்திரத்தில் சேர்ப்பது பற்றி நம் கணக்காயரிடம் கேட்போம். வேலைக்கு வரும் பெண்களுக்கு உட்கார இருக்கையும், கழிவறைக்கு வழியும் செய்து கொடுப்போம்.

இம்பாலின் தாய்மாரும், அப்பளம் இடும் சகோதரிகளும், நம் வீட்டுப் பெண்களும் தனித்தனியே சொன்ன பதில்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரே தொகைதான் வருகிறது: "என் உழைப்பைக் கணக்கில் எழுதுங்கள்." நேர்மையான கணக்கையே தன் பெருமையாகக் கொண்ட வணிகருக்கு இது கேட்கக் கூடாத கோரிக்கை அன்று.