மலை ஏறிய நீர்நாய்!

நீர்நாயைப் பார்த்திருக்கிறீர்களா? காவிரியில் இருக்கிறது. கொள்ளிடத்திலும் இருக்கிறது. பூனையைவிடப் பெரிய பிராணி. தண்ணீரில் மூழ்கி மீனைத் துரத்தும். பிறகு கரையேறி வெயில் காயும். நீரும் அதற்கு வீடு. நிலமும் அதற்கு வீடு.

இந்தப் பிராணியின் பெயரை ஒரு விமானத்துக்கு வைத்தார்கள். ஆங்கிலத்தில் நீர்நாய்க்கு "ஆட்டர்" என்று பெயர். அந்த விமானத்தின் பெயரும் "ஆட்டர்"தான்.

பொருத்தமான பெயர்! சக்கரம் மாட்டினால் அது தரையில் இறங்கும். மிதவை கட்டினால் தண்ணீரில் இறங்கும். சறுக்குக் கட்டை பொருத்தினால் பனிக்கட்டியில் இறங்கும்.

இந்திய விமானப் படையிலும் ஆட்டர் உழைத்தது. சாலை இல்லாத மலை ஊர்களுக்கு உணவு கொண்டு போயிற்று. 1962-ம் ஆண்டு சீனா படையெடுத்தபோது, நம் ஜவான்களை எல்லைக்குச் சுமந்து சென்றது. அதன் கதை இது.

காட்டுக்காகப் பிறந்தது

கனடா நாட்டின் வடக்கே காடும் ஏரியும் பனியும்தான் அதிகம். ரெயில் இல்லை. சாலை இல்லை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நூறு மைல் இருக்கும். காட்டுப் பகுதியை அங்கே "புஷ்" என்பார்கள். அங்கே பறக்கும் சிறிய விமானம் "புஷ் விமானம்". காட்டு விமானம் என்று நாம் சொல்லலாம்.

கனடாவில் டி ஹாவிலண்ட் என்ற கம்பெனி, "பீவர்" என்ற காட்டு விமானத்தைச் செய்தது. அது 1947-ல் முதலில் பறந்தது. நல்ல பெயர் எடுத்தது. "இதே போல, இன்னும் பெரியதாக ஒன்று வேண்டும்" என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆட்டர். 1951-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அது முதல் முறையாகப் பறந்தது.

ஆட்டருக்கு ஒரே எஞ்சின். 600 குதிரை சக்தி கொண்டது. விமானத்தின் நீளம் சுமார் 42 அடி. ஒரு பஸ்ஸைவிடச் சற்று நீளம். இறக்கைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 58 அடி. பத்துப் பேர் உட்காரலாம். அல்லது சுமார் ஒரு டன் சாமான் ஏற்றலாம். நோயாளிகள் என்றால் ஆறு பேரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தே கொண்டு போகலாம்.

வேகம் அதிகம் இல்லை. மணிக்கு சுமார் 120 மைல். கடலூரில் கிளம்பினால் கால் மணி நேரத்தில் சிதம்பரம் கோபுரம் தெரிந்துவிடும். ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டால் இது மாட்டு வண்டி!

மெதுவாகப் பறப்பதே பெருமை

ஆனால் மாட்டு வண்டி போகும் வரப்பில் ரெயில் போகுமா?

பெரிய விமானம் மெதுவாகப் பறக்க முடியாது. வேகம் குறைந்தால் இறக்கை அதைத் தாங்காது. விழுந்துவிடும். ஆகவே வேகமாக வந்துதான் இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் வெகு தூரம் ஓடித்தான் நிற்கும். அதற்கு ஆயிரக்கணக்கான அடி நீளமுள்ள ஓடுதளம் வேண்டும்.

ஆட்டர் அப்படி அல்ல. அதன் இறக்கை அகலமானது. இறக்கையின் பின் பக்கத்தில் மடல்கள் இருக்கின்றன. இறங்கும்போது விமானி அந்த மடல்களைக் கீழே தாழ்த்துவார். அப்போது இறக்கைக்குத் தாங்கும் சக்தி கூடும். மணிக்கு 60 மைல் வேகத்துக்கு வந்த பிறகும் ஆட்டர் விழாது. 60 மைல் என்பது, நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம்தான்!

ஆகவே ஆட்டருக்குக் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். தரையில் சுமார் 600 அடி ஓடி மேலே எழுந்துவிடும். சிமெண்டுத் தளம்கூடத் தேவை இல்லை. புல்தரை போதும்.

தென் துருவத்தில் சாதனை

ஆட்டரை உலகம் வியந்து பார்த்த நாள் ஒன்று உண்டு. 1958-ம் ஆண்டு ஜனவரி மாதம். தென் துருவத்தில் உள்ள அண்டார்டிகா கண்டத்தை, காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்த ஒரு குழு ஆராய்ந்து கொண்டிருந்தது. அந்தக் குழுவிடம் ஓர் ஆட்டர் இருந்தது. ஜான் லூயிஸ் என்ற விமானி, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அதில் கிளம்பினார். கீழே பனி. பக்கத்தில் உதவிக்கு யாரும் இல்லை. சுமார் 11 மணி நேரம் எங்கும் நிற்காமல் பறந்து கண்டத்தைக் கடந்தார். ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று எங்கும் நிற்காமல் அண்டார்டிகாவைக் கடந்தது அதுவே முதல் முறை.

இந்தியாவுக்கு வந்தது

அதே 1958-ல் இந்திய விமானப் படையின் 41-வது பிரிவு ஆட்டர் விமானங்களுடன் பணியைத் தொடங்கியது.

இந்தியாவுக்கு இந்த விமானம் ஏன் தேவைப்பட்டது? வடகிழக்கு எல்லையைப் பாருங்கள். இன்றைய அருணாசலப் பிரதேசம் அங்கே இருக்கிறது. அன்று அதை "நேபா" என்று அழைத்தார்கள். வானத்தை முட்டும் மலைகள். நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள். ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு நாள் கணக்கில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையும் சரிந்துவிடும்.

அங்கே வாழும் மக்களுக்கு உப்பு பெரிய பொருள். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பின் அருமை தெரியாது. கடலைக் காணாத மலையில், ஒரு பிடி உப்பும் தலைச்சுமையாகத்தான் வரவேண்டும்.

பெரிய டகோட்டா விமானங்கள் வானத்தில் வட்டமிட்டு மூட்டைகளைக் கீழே போட்டன. ஆனால் மலையில் போடுகிற மூட்டை எங்கே விழும்? சில மூட்டைகள் காட்டில் விழும். சில பள்ளத்தில் விழும்.

இன்னொரு குறையும் உண்டு. மேலிருந்து மூட்டையைப் போடலாம். கீழே கிடக்கும் நோயாளியை எப்படி எடுப்பது? அதற்கு விமானம் இறங்க வேண்டும். ஆட்டர் இறங்கியது! அரிசியை இறக்கிவிட்டு, நோயாளியை ஏற்றிக்கொண்டு திரும்பியது.

சிதம்பரம் பக்கத்து மக்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். 2018-லும் 2022-லும் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. திட்டுக்காட்டூர் போன்ற ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, பிச்சாவரம் அருகே எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. அது படகில் போகவேண்டிய ஊர். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கும்போது உணவுப் பொட்டலம் வந்தால் பசி தீரும். ஆனால் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்குப் பொட்டலம் போதுமா? கரைக்குக் கொண்டு சேர்க்க ஒரு படகு வேண்டும். மலை ஊர்களுக்கு ஆட்டர்தான் அந்தப் படகு.

வாலாங் போர்

1962-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சீன ராணுவம் எல்லையைத் தாண்டியது.

நேபாவின் கிழக்குக் கோடியில், லோகித் ஆற்றங்கரையில், வாலாங் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே நம் வீரர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்குத் துணைப் படை வேண்டும். துப்பாக்கிக் குண்டு வேண்டும். குளிருக்குப் போர்வை வேண்டும். நல்ல சாலை கிடையாது. வாலாங்கில் ஒரு சிறிய விமானத் தளம் மட்டும் இருந்தது. டகோட்டா அங்கே இறங்க முடியாது. ஆட்டர் இறங்கும்.

தேசு என்ற ஊரிலிருந்து ஆட்டர் விமானங்கள் வாலாங்குக்குப் பறந்தன. இரண்டு பக்கமும் மலைச்சுவர். நடுவே ஆறு. மேகம் இறங்கினால் வழி தெரியாது. இருப்பது ஒற்றை எஞ்சின். அது நின்றால் இறங்க இடம் இல்லை. விமானிகள் அப்படியும் போனார்கள்; வந்தார்கள்; மீண்டும் போனார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டாளத்தில் சுமார் 800 பேர். ஆயுதங்களோடு ஒரு நடைக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால், 100 நடை! அதற்கு மேல் குண்டும் உணவும் தனி. எதிரியோ மலைமேல் நாள்தோறும் பலம் பெருக்கிக்கொண்டிருந்தான்.

குமாவோன், சீக்கிய, கூர்க்கா, டோக்ரா படை வீரர்கள் வாலாங்கில் போரிட்டார்கள். நவம்பர் 14-ந் தேதி நம்மவர்களே மேலேறித் தாக்கினார்கள். பலர் உயிர் கொடுத்தார்கள். சீனர்கள் எண்ணிக்கையில் மிகுதி. 16-ந் தேதி நம் படை பின்வாங்க நேர்ந்தது.

வீரத்தில் குறை இல்லை. வழிதான் குறுகல். சாலை இல்லாத எல்லையைச் சில சிறிய விமானங்களை மட்டும் நம்பிக் காக்க முடியாது என்ற பாடத்தை, நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

ஓய்வு பெற்றது

ஆட்டர் அதோடு ஒதுங்கவில்லை. போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் மலை ஊர்களுக்குப் பறந்தது. பிறகு டோர்னியர் விமானம் வந்தது. ஆட்டர் ஓய்வு பெற்றது. ஆனால் 41-வது பிரிவு டோர்னியர் விமானங்களைப் பெற்ற பின்னும், "ஆட்டர்கள்" என்ற தன் பழைய பெயரை விடவில்லை.

மொத்தம் 466 ஆட்டர் விமானங்கள் செய்யப்பட்டன. 1967-ல் உற்பத்தி நின்றது. ஆனாலும் கனடாவிலும் அலாஸ்காவிலும் பல ஆட்டர்கள் புதிய எஞ்சின் பொருத்திக்கொண்டு இன்னும் பறக்கின்றன. ஏரியில் இறங்கி ஆட்களை ஏற்றுகின்றன.

வாலாங் விமானத் தளம் செப்பனிடப்பட்டு 2015-ல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே மாநிலத்தில் உள்ள மேச்சுகா என்ற மலை ஊரில், 2016-ல், நான்கு ஜெட் எஞ்சின் கொண்ட பிரம்மாண்டமான சி-17 விமானமே இறங்கியது!

இன்று மலைக்குப் பெரிய விமானம் போகிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெரியவர்கள் வருவதற்கு முன்னால், அரிசி மூட்டையோடு புல்தரையில் வந்து இறங்கியது இந்தச் சின்ன நீர்நாய். அடுத்த முறை கொள்ளிடக் கரையில் நீர்நாயைக் கண்டால், உங்கள் குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.